கொல்லிமலையில் ஏறிய முள்: 4 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய குவாலிஸ் சூடான கதை

காரவள்ளியில் இருந்து கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. எங்கள் டொயோட்டா குவாலிஸில் எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்ப முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது 43ஆவது பலகைக்குப் பக்கத்தில். கத்திரி வெயில், காலை பதினோரு மணி, உள்ளே எட்டுப் பேர், ஏசி வேறு ஓடிக்கொண்டிருந்தது. அறப்பளீஸ்வரர் கோயில் அபிஷேகத்துக்கு எடுத்துப் போன பால் கேன் என் மனைவியின் காலடியில்.

ஏசியை அணைத்து ஓரங்கட்டினேன். எஞ்சினை உடனே நிறுத்தவில்லை. தண்ணீர் இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்வரை சும்மா ஓடவிட்டால் ஃபேனும் பம்ப்பும் சேர்ந்து கொஞ்சம் சூட்டை வெளியேற்றும். ஆவி பீய்ச்சினாலோ தண்ணீர் கொட்டினாலோ அது வேறு கதை, அப்போது நிறுத்திவிட வேண்டும். எங்களுக்கு முள் ஒரு பொடி இறங்கியது, நிறுத்தினேன். பானெட்டைத் தூக்கினால், ரேடியேட்டரில் மிஞ்சும் தண்ணீர் வந்து சேரும் பக்கத்து டப்பாவில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது.

மாமா துண்டை நனைத்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்க வந்துவிட்டார். "ரெண்டு சொம்பு தண்ணி ஊத்துனாச் செரியாப் போயிரும் மாப்பிள்ளே."

"மாமா, வேண்டாங்க. தொடாதீங்க."

மூடியில் 0.9 என்று அச்சடித்திருக்கும். காற்றழுத்தத்துக்கு மேல் அவ்வளவு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் 97 டிகிரியில் கொதித்துவிடும். ஆக, 110 டிகிரியில் அடங்கிக் கிடக்கும் தண்ணீருக்கு மூடியைத் திறந்துவிட்டால் அது அந்த நொடியே ஆவியாக முகத்தில் அடிக்கும். நாற்பது நிமிடம் எல்லோரும் பாறை நிழலில் உட்கார்ந்திருந்தோம். பால் திரிந்துவிட்டது.

வண்டி

2003 மாடல். 2,446 சிசி டீசல், டர்போ கிடையாது, 75 குதிரைசக்தி. கார் என்பதைவிட லாரிக்குத் தம்பி என்று சொல்லலாம்: சேசிஸ் தனி, பின்னால் லீஃப் பட்டை, ஓட்டம் பின்சக்கரத்துக்கு. 2000இல் வந்து 2005இல் இன்னோவாவுக்கு இடம்விட்டுப் போன மாடல் இது. எங்கள் நாமக்கல் பக்கம் இன்னும் கல்யாணத்துக்கும் காட்டு வேலைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா 2011இல் கைமாற்று வண்டியாக வாங்கியபோது 1,86,000 கிலோமீட்டர். கொல்லிமலைக்குப் போன அன்று 4,12,000.

பதினைந்து வருடம் முடிந்ததும் 2018இல் பதிவைப் புதுப்பித்தோம், 2023இல் மறுபடி. 2022 ஏப்ரலில் இருந்து இந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025இல், இருபது வருடம் தாண்டிய கார் வகை வண்டிக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். "வித்துட்டுப் புதுசு வாங்கு" என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. ஆனால் இதை நானே பிரித்து நானே மாட்ட முடிகிறது. ஸ்பேனர் நுழைய இடம் இருக்கிறது, கீழே படுத்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆயில் மாற்றுவது, டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தித் தேங்கிய தண்ணீரை வடிப்பது, பின்சக்கரத்துக்கு ஓட்டம் கொண்டுபோகும் தண்டின் மூட்டான யூஜே கிராஸுக்குக் கிரீஸ் அடிப்பது, முன் பிரேக் பேட், இதெல்லாம் பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை வேலைகள். எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டை மட்டும் தொடுவதில்லை. லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. பல் தப்பி மாட்டினால் எஞ்சினே கெட்டுவிடலாம். அதைத் தினமும் செய்கிறவர் செய்யட்டும்.

இந்த வண்டியில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. வெப்ப முள் கால் பாகத்தைத் தாண்டாது. சேலத்துக்குப் போனாலும் சரி, மதுரைக்குப் போனாலும் சரி, முள் கீழேயே கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன், "நம்ம வண்டி சில்லுனு ஓடும்ணா" என்று. இந்தப் பெருமைதான் இந்த ஆய்வின் முக்கியத் தடயம் என்று அப்போது தெரியாது.

முதல் தீர்ப்பு

மலையிலிருந்து மெல்ல இறங்கி, மறுநாள் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து, டப்பாவைப் பார்த்து, ஆக்சிலரேட்டரை இரண்டு தடவை ஏற்றிப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வந்தது: "ஹெட் காஸ்கெட் போயிருக்குங்க. ஹெட்டை இறக்கி, லேத்துல மட்டம் பார்த்து மாட்டோணும். முப்பத்தஞ்சு ஆகும்."

ஆகலாம். ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடி, காஸ்கெட் அதன் அடியில் கசிவை அடைக்கும் தகடு. இந்த எஞ்சினின் ஹெட் அலுமினியம். ஒரு தடவை நன்றாகச் சூடானால் வளையும் என்பது உண்மைதான். ஆனால் காஸ்கெட் போயிருந்தால் அடையாளம் விட்டுப் போகும். வீட்டுக்கு வந்து அதைத்தான் முதலில் தேடினேன். ஆயில் மூடிக்குள் பால் கலந்த காப்பி மாதிரி ஏடு இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை இல்லை. அப்புறம் பழைய சோதனை ஒன்று: எஞ்சின் ஆறியிருக்கும்போது ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் பார்ப்பது. பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாமல் நிற்கும். எஞ்சினுக்குள் எரிந்த வாயு காஸ்கெட் வழியாகக் கசிந்தால் குமிழ் குமிழாக வரும். நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வந்தது இரண்டு குமிழ், தங்கியிருந்த காற்று. அப்புறம் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

முப்பத்தைந்தாயிரம் ஒத்திவைக்கப்பட்டது.

அளக்க ஆரம்பித்தது

ஃபேனைப் பார்த்தேன். நடுவில் சிலிக்கான் எண்ணெய் நிரம்பிய கிளட்ச் உள்ள வகை இது. சூடாக நிறுத்திய எஞ்சினில் ஃபேனைக் கையால் தள்ளினால் மாவு பிசைகிற மாதிரி எதிர்க்க வேண்டும். எதிர்த்தது. எண்ணெய்க் கசிவும் இல்லை. பெல்ட் இறுக்கம் சரி. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, 220 ரூபாய்க்குப் புதிது போட்டேன். அதோடு தீர்ந்துவிடும் என்று ஆசைப்பட்டேன், நம்பவில்லை.

950 ரூபாய்க்கு ஒரு துப்பாக்கி வெப்பமானி வாங்கினேன். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அதன் பட்டறை வடிவம். ஒரு எச்சரிக்கை: பளபளக்கும் உலோகத்தில் அடித்தால் அது பொய் சொல்லும். அளக்க வேண்டிய இடங்களில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் அடிக்க வேண்டும். எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளிவரும் இடத்தில் ஒன்று, ரேடியேட்டர் மேல் தொட்டியில் ஒன்று, கீழ்த் தொட்டியில் ஒன்று ஒட்டினேன்.

அப்புறம் மறுபடி கொல்லிமலை. இந்தத் தடவை சாமி கும்பிட இல்லை. எட்டுப் பேருக்குப் பதிலாக மச்சானும் எட்டு மூட்டை மாட்டுத் தீவனமும். அதே நேரம், அதே ஏசி, அதே செகண்ட் கியர். மேடேறும்போது வேகம் 20 தாண்டாது, எதிர்க்காற்று உதவாது, ஃபேன்தான் எல்லாம். வளைவுக்கு வளைவு மச்சான் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்ல, நான் ஓட்டினேன். 44இல் முள் ஏற ஆரம்பித்ததும் ஒதுக்கி நிறுத்தி அளந்தோம். எஞ்சின் வெளிவாயில் 104. மேல் தொட்டி 101. கீழ்த் தொட்டி 63.

கீழே 63 என்றதும் மச்சான், "ரேடியேட்டர் நல்லா ஆத்துதே மாமா" என்றார். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். யோசித்தால் நேர் எதிர். ரேடியேட்டரில் தண்ணீர் தாராளமாக ஓடினால் நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். 38 டிகிரி வித்தியாசம் என்றால் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர், ஆற அமர, ஊர்ந்து போகிறது. ரேடியேட்டர் ஆற்றுகிறது. ஆற்றுவதற்கு அதற்குத் தண்ணீர் வரவில்லை.

அடைப்பு என்று முடிவு கட்டினேன். ரேடியேட்டரின் குறுக்கே துப்பாக்கியை ஓட்டியபோது இடது கீழ் மூலையில் நாலு விரல் அகலத்துக்குக் குளிர்ந்த பட்டை இருந்தது, அதுவும் அடைப்பு என்றே சொன்னது. பாதி சரி.

சுக்குக் காப்பி

ஆறிய எஞ்சினில் கீழ்த் திருகைத் திறந்து வடித்தேன். வந்தது சுக்குக் காப்பி நிறம். எஞ்சின் பக்கவாட்டிலும் ஒரு வடிதிருகு உண்டு. அதை யாரும் தொட்டதில்லை போல, திருகு வந்தும் ஒரு சொட்டு வரவில்லை. சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தினேன். முதலில் சேறு, அப்புறம் சுண்ணாம்புத் தூள், அப்புறம் திடுமென்று பீய்ச்சிச் சட்டையெல்லாம் செம்மண் நிறம். மொத்தம் அளந்தால் ஏழரை லிட்டர்.

குற்றவாளி நாங்கள்தான். பதினாலு வருடமாக ரேடியேட்டரில் ஊற்றியது வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். ஆர்ஓ போட வந்தவர் கரைந்த உப்பை அளக்கும் மீட்டரை முக்கி 1,400 காட்டிய தண்ணீர். அந்தத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்துக்கு ஒரு குணம் உண்டு: சூடு ஏற ஏறக் கரையாமல் வெளியே படியும். வெந்நீர் ஹீட்டர் கம்பியில் ஓடு கட்டுவது அதனால்தான். எஞ்சினுக்குள்ளும் அதே. எங்கே அதிகம் சூடோ, அதாவது எங்கே ஆற்றுவது அதிகம் தேவையோ, அங்கேதான் முதலில் ஓடு கட்டும். "நம்மூர்ல என்ன பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு" என்று நானே கேட்டிருக்கிறேன். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை. நமக்கு வேண்டியது அதில் கலந்திருக்கும் துருத் தடுப்பான்.

மளிகைக்கடை எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி, அரை மணி ஓட்டி, வடித்து, நல்ல தண்ணீரில் நாலு தடவை அலசினேன். அலுமினிய ஹெட் என்பதால் ராத்திரி முழுக்க ஊறவிடும் வேலையெல்லாம் செய்யவில்லை. வெளிப்பக்கம் இறகுகளில் அப்பியிருந்த தூசியையும் பூச்சியையும் எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். முன்னிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும்.

மூன்றாவது மலையேற்றம். தீவனக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்தத் தடவை முள் 58ஆவது வளைவு வரை தாங்கியது. முன்னேற்றம்தான். ஆனால் 70 வரை போகவில்லை.

இரண்டு நோய், ஒரு மருந்து

அங்கே மாட்டிக்கொண்டேன். ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு அறிகுறிகள் கையில் இருந்தன. சமவெளியில் வண்டி அளவுக்கு மீறிக் குளிர்ந்து ஓடுகிறது. மார்கழிக் காலையில் மோகனூர் போய்ச் சேரும்வரை முள் எழும்பாது. மலையிலோ அளவுக்கு மீறிச் சூடாகிறது. தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது திறந்தபடி மாட்டிக்கொண்டால் குளிர்ச்சி புரியும், சூடு புரியாது. மூடியபடி மாட்டிக்கொண்டால் சூடு புரியும், குளிர்ச்சி புரியாது. இரண்டும் ஒரே வண்டியில் எப்படி?

எதற்கும் புதிதாக ஒன்று போடுவோம் என்று 82 டிகிரி தெர்மோஸ்டாட் வாங்கி வந்தேன், 650 ரூபாய். மாட்டும் முன் சோதிக்க வேண்டும். அடுப்பில் பழைய அலுமினியக் குண்டானில் தண்ணீர், நூலில் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட், பக்கத்தில் வெப்பமானி. அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது என்ன ரசம்?"

"குவாலிஸுக்கும்மா."

"அந்தக் குண்டானை மறுபடி உள்ள கொண்டாராத."

எண்பது வரை ஒன்றும் நடக்கவில்லை. 83இல் வாய் மெல்லப் பிளந்தது, 95இல் சுண்டு விரல் நுழையும் அளவுக்குத் திறந்தது. அப்போதுதான் கவனித்தேன். மேல் வாய் திறக்கத் திறக்க, அடியில் இருக்கும் சின்னத் தட்டு கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. ஒன்று திறந்தால் இன்னொன்று எதையோ மூடுகிறது.

தெர்மோஸ்டாட் வீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். உள்ளே ஒன்றும் இல்லை. பழைய ரப்பர் வளையம் மட்டும் உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் ஒரு ஓட்டை, பைபாஸ், அகலத் திறந்து கிடந்தது.

இந்த எஞ்சினின் தெர்மோஸ்டாட் இரட்டை வேலைக்காரன். எஞ்சின் குளிராக இருக்கும்போது ரேடியேட்டர் வழியை மூடி, பைபாஸ் வழியைத் திறந்து வைக்கும். தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே குறுக்குவழியில் சுற்றிச் சீக்கிரம் சூடாகும். சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறந்து, அடித்தட்டால் பைபாஸை அடைத்துவிடும். அதைக் கழற்றி எறிந்தால் இரண்டு வழியும் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீருக்கு எது சுலபமோ அந்த வழியில் போகும். ரேடியேட்டர் சுத்தமாக இருந்த காலத்தில் போதுமான அளவு அந்தப் பக்கமும் போனது, சமவெளியில் வண்டி சில்லென்று ஓடியது. குழாய்கள் அடைக்க அடைக்க, அந்த வழி கடினமாகி, தண்ணீர் மேலும் மேலும் குறுக்குவழிக்குத் திரும்பியது. பாரமும் மேடும் சேர்ந்த அன்று, கொதிக்கிற தண்ணீர் ஆறாமலேயே எஞ்சினுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. குளிர்ச்சிக்கும் சூட்டுக்கும் காரணம் அந்தக் காலி இடமே. இந்த வகை எஞ்சினுக்கான டொயோட்டா பணிமனைக் கையேடுகளிலேயே, சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டை எடுத்தால் ஆற்றும் திறன் குறையும் என்ற குறிப்பு உண்டு.

யார் எடுத்தது? அப்பாவின் நாற்பது பக்க நோட்டைத் தேடி எடுத்தேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர் இருந்தவரை ஒவ்வொரு செலவும் அதில் இருக்கிறது. 2016, ஐப்பசி, நீல மை: "வாட்டர் பம்ப் மாற்றியது. தெர்மோஸ்டாட் தேவை இல்லை என்று எடுத்தாச்சு. கூலி 350." எந்தப் பட்டறை என்று எழுதவில்லை. அந்த மெக்கானிக்கைத் திட்டவும் மனசு வரவில்லை. அடித்தட்டு இல்லாத பழைய தெர்மோஸ்டாட்டுகளை எடுத்தால் எஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்து ஓடும். லாரிகளில் அப்படிச் செய்து பழகிய கை, இதிலும் அதையே செய்திருக்கிறது. நோட்டை நான் முதல் நாளே திறந்திருந்தால் மாட்டுத் தீவனத்தை மலைக்குக் காட்டும் வேலை மிச்சமாகியிருக்கும்.

மாட்டியது

புதிய தெர்மோஸ்டாட்டை அதன் சின்னக் காற்று ஊசி மேலே பார்த்தபடி வைத்து மாட்டினேன். கீழே வைத்தால் நிரப்பும்போது காற்று சிக்கிக்கொள்ளும். கூலன்ட்டை இன்னும் ஊற்றவில்லை, வெறும் சுத்தத் தண்ணீர். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. நாலாவது மலையேற்றம்: முள் காரவள்ளி அடிவாரத்திலேயே பாதிக்கு வந்துவிட்டது. பல வருடத்தில் முதல் தடவை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் பாதியிலேயே நின்றது. 70ஆவது வளைவில் எஞ்சின் வெளிவாயில் 97, மேல் தொட்டி 96, கீழ் 78. போய்ச் சேர்ந்துவிட்டோம், வித்தியாசம் 18. இன்னும் அதிகம்.

குளிர்ந்த பட்டையும் அப்படியே இருந்தது, எலுமிச்சை உப்பு அதை அசைக்கவில்லை. வண்டியில் இருப்பது எப்போதோ மாற்றிய பித்தளை ரேடியேட்டர் என்பதால் ஒரு வழி இருந்தது. ரேடியேட்டர் கடையில் மேல் கீழ்த் தொட்டிகளின் பற்றை இளக்கிப் பிரித்து, குழாய்க்குக் குழாய் கம்பி விட்டுக் குத்தினார்கள். பக்கத்தில் நின்று எண்ணினேன், மூன்றில் ஒரு பங்கு குழாய்கள் கம்பியே நுழையாமல் இருந்தன. 1,800 ரூபாய். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டராக இருந்தால் புதிதுதான் வாங்கியிருக்க வேண்டும்.

கூலன்ட் ஊற்றுவதில் ஒரு கணக்கு உண்டு. வடித்த பிறகும் எஞ்சினின் மூலைமுடுக்கில் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கும். பாதிக்குப் பாதி கலந்து வைத்ததை ஊற்றினால் உள்ளே அது நீர்த்துவிடும். அதனால் கலக்காத கூலன்ட் நாலரை லிட்டரை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினேன். மூடியைத் திறந்து வைத்து, முள் பாதிக்கு வரும்வரை ஓடவிட்டுக் காற்று போக்கினேன். சிந்தியதை அப்போதே கழுவிவிட்டேன். அது இனிப்பாக இருக்கும், நக்கினால் நாய் பிழைக்காது.

ஐந்தாவது மலையேற்றம், எட்டுப் பேர், புதுப் பால். 70ஆவது வளைவில் 91, 90, 80. முள் பாதியில் ஆணி அடித்த மாதிரி. ஹோஸ்கள் 900, கூலன்ட் 1,400, மற்றதெல்லாம் சேர்த்து மொத்தம் ஆறாயிரத்தை ஒட்டி. மலையேறிய டீசலை மனைவி தனியாகக் கணக்கு வைத்திருக்கிறாள், அதை இங்கே சேர்க்கவில்லை. சமவெளியில் லிட்டருக்கு 11 ஓடியது இப்போது 12 தாண்டுகிறது, எஞ்சின் தனக்கான சூட்டில் ஓடுவதால் இருக்கும்.

அப்பாவின் நோட்டில் இன்னும் பதினொரு பக்கம் பாக்கி. அவர் வரிக்கு நேரே அம்பு போட்டு, தேதியும் 82 டிகிரி என்றும் எழுதியிருக்கிறேன். அடுத்த வரி: கீழ் ஹோஸ் கிளிப்பில் லேசான பச்சைக் கசிவு, ஞாயிறு பார்க்கணும். அதற்கும் கீழே: 4,20,000இல் டைமிங் பெல்ட், வெளியே கொடுக்கவும்.